குழந்தைக் கொலையை நிறுத்து! - ஒரு சைக்கிள் வரலாறு

நெதர்லாந்தில் படிக்கிறேன் என்று சொன்னால் நம்மாட்கள் கேட்கிற முதல் கேள்வி, "அங்க எல்லாரும் சைக்கிள்லதான் போவாங்களாமே, நிஜமா?" என்பதுதான். நிஜம்தான். மார்க் ருட்டே பிரதமராக இருந்த காலத்தில் (2010-2024) அவரே சைக்கிளில் ஆபீஸ் போவார், ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டு போகிற போட்டோ எல்லாம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த கேள்வி "அது எப்படிப்பா?". அதற்கு எல்லாரிடமும் ரெடிமேடாக ஒரு பதில் உண்டு. "தட்டையான பூமி, மேடு பள்ளம் கிடையாது, அதான்." டச்சுக்காரர்களிடம் கேட்டாலும் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள்.

தட்டையான பூமி 1971-லும் தட்டையாகத்தான் இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் இந்த நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். மொத்த ஜனத்தொகையே அப்போது 1 கோடியே 30 லட்சம்தான். அதாவது தினம் ஒரு குழந்தைக்கு மேல். நடந்து போகும்போது, சைக்கிளில் போகும்போது, பந்தை எடுக்க ஓடும்போது. பள்ளிக்கூடம் போகிற வழியிலும் வருகிற வழியிலும் நிறைய.

இந்த 400 எப்படிக் குறைந்தது என்பதுதான் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள் :)

இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடியும் பின்னாடியும் இது சைக்கிள் நாடுதான், அதில் சந்தேகமில்லை. 1950-களின் படங்களைப் பார்த்தால் தெரு முழுக்க சைக்கிள். அப்புறம் காசு வந்தது. 1959-ல் வடக்கே ஸ்லோக்டெரன் என்கிற ஊரில் இயற்கை எரிவாயு கிடைத்தது, 60-களில் சம்பளங்கள் ஏறின, ஆளாளுக்குக் கார் வாங்கினார்கள். 1960-ல் நாடு முழுக்க சுமார் 5 லட்சம் கார்கள் இருந்தன. 1970-ல் 20 லட்சத்துக்கும் மேல். பத்தே வருஷம்!

கார் நாலு மடங்கு ஆனால் தெருவும் நாலு மடங்கு ஆகுமா? எல்லாம் வாய்க்காலை ஒட்டிய பழைய சந்துகள். அதனால் ஊரையே காருக்குத் தக்கபடி வெட்டித் தைக்கலாம் என்று கிளம்பினார்கள். ஆம்ஸ்டர்டாம் போலீஸ் தலைவராக இருந்த காஸ்யாகர் என்பவர், பேசாமல் வாய்க்கால்களைத் தூர்த்து ரோடு போட்டுவிடலாம் என்று 1954-ல் ஒரு திட்டம் சொன்னார். இன்றைக்கு டூரிஸ்ட்டுகள் படகில் போய் போட்டோ எடுக்கிற அதே வாய்க்கால்கள்தான். 1967-ல் டேவிட் யோகினென் என்ற அமெரிக்கர், பழைய குடியிருப்புகளை இடித்து நகர மையத்துக்கு ஆறு வழிச் சாலை கொண்டுவரத் திட்டம் போட்டுக் கொடுத்தார். நல்லவேளை, இரண்டுமே நடக்கவில்லை. ஆனால் உட்ரெக்ட் நகரத்தில் பழைய அகழியின் ஒரு பகுதியை நிஜமாகவே வற்ற வைத்து மோட்டார் ரோடு போட்டார்கள். அதைத் தோண்டி மறுபடி முழுசாகத் தண்ணீர் விட 2020 ஆகிவிட்டது.

இந்தக் களேபரத்தில் நடுவில் மாட்டிக்கொண்டது பிள்ளைகள். அதுவரை தெருதான் அவர்களுக்கு விளையாட்டு மைதானம், தெருதான் பள்ளிக்கூடத்துக்கு வழி. பெரியவர்கள் கார் வாங்கியதை யாரும் அவர்களிடம் கேட்டுச் செய்யவில்லையே.

சாவு எண்ணிக்கை ஏறியபோது நாடு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 'பத்திரமான போக்குவரத்து' என்று அர்த்தம் வரும் ஃபைலிக் ஃபெர்கேர் நெதர்லாந்து என்ற சங்கம் 1932-லிருந்தே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலை விதிகள் சொல்லிக்கொடுப்பது அதன் முக்கியமான வேலை. தொடக்கப் பள்ளியை முடிக்கிற வயசில் பிள்ளைகள் எழுதுகிற போக்குவரத்துப் பரீட்சை இன்றைக்கும் நடக்கிறது. எழுத்துத் தேர்வு தனி, சைக்கிள் ஓட்டிக் காட்டுவது தனி. நான் இருக்கிற டெல்ஃப்ட்டிலும் பார்த்திருக்கிறேன். நம்பர் போட்ட மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வாண்டாக வரும். மூலைக்கு மூலை யாராவது ஒரு அம்மாவோ தாத்தாவோ பேப்பர் பென்சிலோடு நிற்பார்கள். திரும்புவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்ததா, கையைக் காட்டியதா என்று குறித்துக்கொள்வார்கள். அந்த வாண்டுகளின் முகத்தில் இருக்கிற சீரியஸ்னெஸ் இருக்கிறதே, நம்ம ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டுப் போடுகிறவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இதற்கு அடியில் ஒரு நினைப்பு ஓடுவதைக் கவனியுங்கள். ரோடு இப்படித்தான் இருக்கும், பிள்ளைதான் கற்றுக்கொண்டு பிழைக்க வேண்டும் என்பது அது. 60-களில் ஸ்வீடனில் ஸ்டீனா சாண்டெல்ஸ் என்ற ஆய்வாளர் இந்த நினைப்பையே கேள்வி கேட்டார். சின்னக் குழந்தைகளைத் தெருவில் வைத்துக் கவனித்து அவர் சொன்னது இதுதான்: சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, வருகிற வண்டியின் வேகம் என்ன, இடது எது வலது எது என்பதெல்லாம் அந்த வயதுக்கு இன்னும் சரியாகப் பிடிபடாத விஷயங்கள். எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் ஆறு வயசுக் குழந்தை ஆறு வயசுக் குழந்தையாகத்தான் நடந்துகொள்ளும், அதை நகரப் போக்குவரத்துக்கு ஏற்றபடி முழுசாகப் பழக்கிவிட முடியாது. கேட்டால் "இதுக்கு ஒரு ஆராய்ச்சியா" என்று தோன்றும். ஆனால் அதுவரை இதை யாரும் உரக்கச் சொல்லவில்லை.

டச்சுக் கதையின் திருப்பமும் ஒரு ஆறு வயசுக் குழந்தையிடம்தான் வருகிறது. ஃபிக் லாங்கன்ஹோஃப் என்பவர் 'டெ டெய்ட்' என்ற கத்தோலிக்கத் தினசரியில் பத்திரிகையாளர். 1971 அக்டோபரில் அவருடைய ஆறு வயது மகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது கார் மோதி இறந்துபோனாள். அடுத்த வருஷம், 1972 செப்டம்பரில், அவர் தன் பத்திரிகையிலேயே ஒரு கட்டுரை எழுதினார். மகளை நினைத்து உருகுகிற கட்டுரை இல்லை அது, கோபக் கட்டுரை. இத்தனை குழந்தைகள் சாகிறார்கள், நாடு அதைப் பழகிப்போன விஷயமாக எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது, இந்த மரத்துப்போன தனத்தை உடைக்கப் பெற்றோர்கள் சேர்ந்து ஒரு அழுத்தக் குழு ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதினார். தலைப்பு: 'ஸ்டாப் டெ கிண்டர்மோர்ட்'. குழந்தைக் கொலையை நிறுத்து.

அந்த வார்த்தையில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'கிண்டர்மோர்ட்' என்பது டச்சுக்காரர் காதில் வெறுமனே 'குழந்தைக் கொலை' என்று மட்டும் விழாது. இயேசு பிறந்தபோது ஏரோது மன்னன் பெத்லகேமில் இரண்டு வயசுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளையெல்லாம் கொல்லச் சொன்னதாக பைபிளில் வருமே, அந்தச் சம்பவத்துக்கு டச்சு மொழியில் பெயரே இந்த வார்த்தைதான். புரூகல், ரூபன்ஸ் எல்லாம் வரைந்த காட்சி. ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையில், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற, திங்கட்கிழமை காரில் ஆபீஸ் போகிற வாசகரிடம் "ஏரோது யார் தெரியுமா?" என்று கேட்ட மாதிரி. எனக்கென்னவோ அந்த மனுஷன் இந்த வார்த்தையைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தார் என்று தோன்றுகிறது.

நம்ம பேப்பரை எடுத்துப் பாருங்கள். "லாரி மோதி பள்ளிச் சிறுவன் பலி." லாரி மோதியது. ஓட்டினவன் யார், எவ்வளவு வேகம், அந்த இடத்தில் நடைபாதை இருந்ததா, இருந்த நடைபாதையில் என்ன கடை போட்டிருந்தது, ஒன்றும் வராது. லாரிக்குத் தானாக ஏதோ தோன்றிப் போய் மோதின மாதிரி இருக்கும். 'விபத்து' என்ற வார்த்தைக்குள்ளேயே 'யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது' என்பது ஒளிந்துகொண்டிருக்கிறது. டச்சிலும் அப்படி ஒரு வார்த்தை இருக்கிறது, 'ஒங்ஹெலுக்', அதிர்ஷ்டமில்லாதது என்று பொருள். லாங்கன்ஹோஃப் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 'கொலை' என்றார். அநியாயம் என்று சொல்லலாம். வேண்டுமென்று யாரும் குழந்தை மேல் காரை ஏற்றுவதில்லைதான். ஆனால் அதிர்ஷ்டத்தை எதிர்த்து யாரும் ஊர்வலம் போக முடியாது. கொலை என்றால் போகலாம்.

போனார்கள். கட்டுரையின் தலைப்பே இயக்கத்தின் பெயர் ஆனது. முதல் தலைவர் மார்த்யே ஃபன் புட்டன், அப்போது ஆம்ஸ்டர்டாமில் ஒரு இளம் தாய். (பிறகு 1989-லிருந்து பத்து வருஷம் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.) ஊருக்கு ஊர் பெற்றோர்கள் சேர்ந்தார்கள். சைக்கிள் ஊர்வலம் போனார்கள். அடிக்கடி ஆட்கள் அடிபடுகிற முனைகளில் போய் உட்கார்ந்து மறித்தார்கள். ஒரு நாளைக்குத் தெருவைக் காருக்கு அடைத்துவிட்டு நடுரோட்டில் மேஜை போட்டுத் தெருவே சேர்ந்து சாப்பிட்டார்கள். பிரதமர் யோப் டென் அய்ல் வீட்டுக்கே சைக்கிளில் போய்ப் பாட்டுப் பாடிக் கோரிக்கை வைத்தார்கள். அவரும் வெளியே வந்து கேட்டுக்கொண்டார். இன்றைக்கு இதையெல்லாம் நம்ம ஊர் பிரதமர் வீட்டு வாசலில் கற்பனை செய்து பாருங்கள்!

பெரியவர்கள் மட்டும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் டெ பைப் என்று நெருக்கமான ஒரு பழைய பேட்டை. அங்கே பள்ளிப் பிள்ளைகள் தங்கள் தெருவை விளையாட விடச் சொல்லிப் போராடியதை 1972-ல் ஃபேபிஆர்ஓ தொலைக்காட்சி ஒரு ஆவணப்படமாக எடுத்தது. பிள்ளைகளே கையெழுத்து வாங்குகிறார்கள், பிள்ளைகளே தெருவை மறிக்கிறார்கள், கார்க்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். இணையத்தில் கிடைக்கிறது, மொழி புரியாவிட்டாலும் பாருங்கள். முக்கியமாக, படத்தில் வருகிற தெருவைப் பாருங்கள். சுவரை ஒட்டிக் கார், கார், கார். ஆம்ஸ்டர்டாம் என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீர்கள்.

கோபம் மட்டும் இருந்தால் போதாது, நேரமும் கூடி வர வேண்டும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் நெதர்லாந்துக்கு எண்ணெயை நிறுத்தின. (போரில் இஸ்ரேலுக்கு ஆதரவாக நின்றதால்.) நவம்பர் 4-லிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுக்கக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. 1974 ஜனவரி ஆரம்பம் வரை இது ஓடியது. மோட்டார்வேயில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் போனார்கள், குதிரை வண்டி போனது, நடுவில் ஜமுக்காளம் விரித்துச் சாப்பிட்டார்கள். எத்தனை பேச்சுப் பேசியும் காட்ட முடியாத ஒன்றை, கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்பதை, நாடு முழுக்க கண்ணால் பார்த்தது. எண்ணெய் திரும்ப வந்தது, காரும் வந்தது. ஆனால் பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க முடியாதே.

சரி, கோபப்பட்டாயிற்று, என்ன கட்டுவது? அதற்கான விடை எங்கள் ஊரில் ஏற்கெனவே ஓரளவு தயாராக இருந்தது. (மூன்று வருஷம் குடியிருந்தால் 'எங்கள் ஊர்' என்று சொல்லிக்கொள்ளலாம் இல்லையா?) 60-களின் கடைசியில் டெல்ஃப்ட் நகராட்சியில் யோஸ்ட் ஃபால் என்ற பொறியாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் குடியிருப்புத் தெருக்களில் சில்லறை விஷமங்கள் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேராகப் போகிற தெருவை வளைப்பது, நடுவில் மரம் வைப்பது, மேடு போடுவது, நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற கல் விளிம்பை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே தளமாக ஆக்குவது. கார் வரலாம், தடை இல்லை. ஆனால் வேகமாக வர முடியாது, வந்தால் மரத்தில் முட்டும். இதற்குப் பெயர் 'வோன்எர்ஃப்'. நீக் டெ புர் என்ற நகரத் திட்டமிடுநர் வைத்த பெயர். 'வோன்' என்றால் குடியிருப்பது. 'எர்ஃப்' என்றால், நம்ம பாஷையில் சரியாகச் சொல்வதானால், முற்றம்.

எனக்கு இந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்தவர் வீட்டு முற்றத்துக்குள் வண்டியை விடுகிறோம் என்றால் எப்படி விடுவோம்? மெதுவாக, கொஞ்சம் கூச்சத்தோடு. பாட்டி வற்றல் காயப் போட்டிருப்பாள், குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கும். அந்தக் கூச்சத்தை ஓட்டுகிறவனுக்கு போர்டு வைத்து வரவழைக்க முடியாது, கல்லையும் மரத்தையும் வைத்து வரவழைக்கலாம் என்பதுதான் விஷயமே.

1976-ல் இது சட்டமானது. நீல போர்டு, அதில் ஒரு வீடு, ஒரு பெரியவர், பந்தோடு ஒரு குழந்தை, பின்னால் சின்னதாக ஒரு கார். அந்த போர்டுக்கு உள்ளே நடக்கிறவர் தெருவின் முழு அகலத்திலும் நடக்கலாம், பிள்ளைகள் நடுரோட்டில் விளையாடலாம், வண்டி நடை வேகத்தில்தான் போக வேண்டும். 'ரோட்டில் விளையாடாதே' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஐரோப்பாவில், விளையாடலாம் என்று எழுத்திலேயே எழுதிக் கொடுத்த சட்டம். பெற்றோர் இயக்கம் இந்த யோசனையை நாடு முழுக்கத் தூக்கிக்கொண்டு போய்ப் பரப்பியது. ஒரு கட்டத்தில் அரசாங்கமே இயக்கத்துக்கு மானியம் கொடுத்தது. திட்டு வாங்கிக்கொண்டே காசு கொடுக்கிற அரசாங்கம்!

தெரு ஆயிற்று, பள்ளிக்கூடம் வரைக்கும் போகிற வழி? 70-களின் நடுவில் டில்பர்க்கிலும் டென் ஹாக்கிலும் நகரத்தின் குறுக்காக ஒவ்வொரு பெரிய சைக்கிள் பாதையைச் சோதனைக்குப் போட்டார்கள். டென் ஹாக்கில் கடைக்காரர்கள் வியாபாரம் போகிறது என்று கொடிபிடித்தார்கள் (உலகமெங்கும் கடைக்காரர் ஒரு சாதி). போட்ட பாதையில் கூட்டம் வந்தது, ஆனால் ஊரில் மொத்தமாக சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பெரிதாகக் கூடவில்லை. ஒரே ஒரு நல்ல ரோடு போட்டால், அதற்கு வந்து சேருகிற வழி மோசமாக இருந்தால், அந்த ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்குத்தான் லாபம். அதில் கற்றுக்கொண்டு 80-களில் டெல்ஃப்ட்டில் வலை மாதிரி போட்டார்கள், மூன்று அடுக்காக. ஊரின் குறுக்கே போக பெரிய கண்ணி, பேட்டைக்குப் பேட்டை போக அதைவிடச் சின்னது, கடைசியில் நூறு மீட்டருக்கு ஒன்று என்கிற அளவில் பொடிக் கண்ணி. அந்தப் பொடிக் கண்ணி யாருக்கு? பள்ளிக்கூடத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் போகிற வாண்டுகளுக்கு. ஐஐடி புரொபசரும் நானும் போகிறது பெரிய கண்ணி. பாலம், சுரங்கப்பாதை என்று காசு போனது பெரிய கண்ணிக்குத்தான். ஆனால் பொடிக் கண்ணி இல்லாவிட்டால் ஏழு வயசுப் பிள்ளையை வீட்டு வாசலை விட்டு யார் அனுப்புவார்கள்?

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைப் பற்றி நிறையப் புரளி உலவுகிறது. 'ஹாலந்தில் சைக்கிள்காரன் மேல் இடித்தால் கார்க்காரன் நேரே ஜெயில்' என்பார்கள். இல்லை. 1994 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு பேசுவது நஷ்டஈட்டைப் பற்றி மட்டும்தான். மோட்டார் வண்டி, நடக்கிறவர் மேலோ சைக்கிள்காரர் மேலோ மோதினால் நஷ்டத்துக்கு மோட்டார் வண்டித் தரப்பு பொறுப்பு, தன் கைமீறி நடந்தது என்று அது நிரூபித்தால் தவிர. அடிபட்டது 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால், கோர்ட்டுகள் வகுத்த விதிப்படி, பிள்ளை பக்கம் தப்பு இருந்தாலும் முழு நஷ்டஈடும் இவர் தலையில்தான். சாண்டெல்ஸ் சொன்னதேதான்: பிள்ளை பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும், டன் கணக்கில் இரும்பை ஓட்டிக்கொண்டு வருகிறவன் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஓட்டட்டும்.

இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் பிரிட்டனில் என்ன நடந்தது? எனக்கு இந்த வரலாற்றில் ரொம்ப உறுத்துகிற பகுதி இதுதான். மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் ஜான் ஆடம்ஸ், ஜான் வைட்லெக் என்ற இருவரும் சேர்ந்து 1990-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 1971-ல் இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயசுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-ல் அது 9 சதவீதம். எண்பது எங்கே, ஒன்பது எங்கே! அந்த இருபது வருஷத்தில் அங்கேயும் சாலையில் குழந்தைகள் சாவது குறைந்தது. அரசாங்கம் அதைச் சாலைகள் பத்திரமாகிவிட்டதற்கு அத்தாட்சி என்றது. இவர்கள் சொன்னது: சாலை பத்திரமாகவில்லை, பயந்துபோய்ப் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டீர்கள். ஆளே இல்லாத ரோட்டில் யார் அடிபடப் போகிறார்கள்?

1971 என்கிற ஒரே வருஷத்தில் கிளம்பின இரண்டு நாடுகள். இரண்டிலும் புள்ளிவிவரக் கோடு கீழே இறங்குகிறது. ஒன்றில் ஆபத்தைத் தெருவிலிருந்து எடுத்தார்கள், இன்னொன்றில் பிள்ளையை எடுத்தார்கள். கோட்டை மட்டும் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

டென்மார்க் டச்சுப் பக்கம் போனது. 1976 சாலைச் சட்டத்திலேயே, பள்ளிகளைக் கலந்துகொண்டு பிள்ளைகளின் பள்ளி வழியைப் பாதுகாப்பது போலீசுக்கும் சாலைத் துறைக்கும் கடமை என்று எழுதிவைத்தார்கள். ஒடென்ஸ நகரம் பள்ளி பள்ளியாகப் பிள்ளைகளிடமே எந்த முனை பயமாக இருக்கிறது என்று கேட்டு வேலை செய்தது. 'பத்திரமான பள்ளி வழி' என்று உலகம் முழுக்க இப்போது நடக்கிற திட்டங்களுக்கு அதுதான் முன்மாதிரி. அமெரிக்கா பிரிட்டன் பக்கம் போய், அங்கேயும் நடந்தோ சைக்கிளிலோ பள்ளி போகிற பிள்ளைகள் 1969-ல் பாதிக்குப் பாதி இருந்தது 2009-ல் 13 சதவீதம் ஆன கதை தனிக்கதை. 2005-ல் தான் அவர்களுடைய மத்திய அரசு இதற்கென்று ஒரு திட்டமும் ஐந்து வருஷத்துக்கு 612 மில்லியன் டாலரும் ஒதுக்கியது.

நம்ம ஊர்? தமிழ்நாட்டில் 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசு, உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று விரிந்த இலவச சைக்கிள் திட்டம் இருக்கிறது. அந்த சைக்கிளால் படிப்பை விடாமல் முடித்த பெண்கள் எங்கள் பக்கத்துக் கிராமங்களிலேயே உண்டு. அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு நான் சண்டைக்கு வருவேன். ஆனால் சைக்கிளை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் ஏறுகிற ரோடு, மணல் லாரியும் ரூட் பஸ்ஸும் போகிற அதே ரோடு. அதைப் பார்க்கிற, கொஞ்சம் காசு இருக்கிற அப்பா தன் பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுகிறார். அவரையும் தப்புச் சொல்ல முடியவில்லை.

நெதர்லாந்தில் 2010-ல் சாலையில் இறந்த குழந்தைகள் 14 பேர். நானூற்றுச் சொச்சத்திலிருந்து பதினாலு, அதுவும் பிள்ளைகள் இன்னும் தெருவில் இருக்கும்போதே. மேல்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்ட கிராமத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மழையில் எதிர்க்காற்றில் கூட்டமாக மிதித்துக்கொண்டு போவதைக் காலையில் ரயிலில் இருந்து பார்க்கலாம்.

சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 'பின்சீட்டுத் தலைமுறை' என்று டச்சில் ஒரு வார்த்தை இருக்கிறது, காரின் பின்சீட்டிலேயே வளர்கிற பிள்ளைகளுக்கு. எட்டரை மணிக்குத் தொடக்கப் பள்ளி வாசலில் வந்து நிற்கிற கார்கள்தான் அங்கே நடந்து வருகிற பிள்ளைகளுக்குப் பெரிய தொல்லை, அதில் இருப்பவர்கள் எல்லாரும் "ரோடு ஆபத்தா இருக்கு, அதான் கார்ல கொண்டுவந்து விடறேன்" என்கிற பெற்றோர்கள். மொத்தச் சாலைச் சாவு 2013-ல் 570 வரை இறங்கி, 2022-ல் மறுபடி 700-ஐத் தாண்டியது. இப்போது சாகிறவர்களில் நிறையப் பேர் சைக்கிள் ஓட்டுகிற முதியவர்கள். மோட்டார் வைத்த குண்டு டயர் சைக்கிள்களில் பறக்கிற பதின்வயதினருக்கு வயது வரம்பும் ஹெல்மெட்டும் வேண்டும் என்று 2024-ல் நாடாளுமன்றம் வரை சண்டை போனது.

அந்தக் கோபக்கார இயக்கம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். சில வருஷங்கள் கழித்துப் பெயரைக் கொஞ்சம் சாந்தமாக 'குழந்தைகளுக்கு முன்னுரிமை' என்று மாற்றிக்கொண்டார்கள். அப்புறம், பிள்ளைகளுக்கு நம்பர் சட்டை மாட்டி, கையைக் காட்டு, திரும்பிப் பார் என்று பரீட்சை வைக்கிற அந்தப் பழைய சங்கத்தோடேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பரீட்சை வருஷா வருஷம் நடக்கிறது. எழுதுகிற பிள்ளைகளில் 'கிண்டர்மோர்ட்' என்று ஒரு இயக்கம் இருந்தது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. எங்கள் டிபார்ட்மெண்டில் நான் கேட்ட டச்சு நண்பர்கள் நாலு பேரில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. மற்ற மூன்று பேரும் சொன்னது, தட்டையான பூமி.